மளிகைக்கடை காலண்டரின் கதை

புது வருஷம் பிறந்தால் நம் வீடுகளில் நாலைந்து காலண்டராவது சேர்ந்துவிடும். நகைக்கடை, மருந்துக்கடை, மளிகைக்கடை... எல்லாவற்றிலும் மேலே ஒரு சாமி, அதையொட்டிக் கடைப் பெயர். பெரிய நகைக்கடைக்கு இந்தச் செலவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தெருமுனை மளிகைக்கடைக்காரர் வெறும் நூறு காலண்டருக்கு எப்படிப் பல வண்ணப் படம் போட்டார் என்பதுதான் என் கேள்வி.

அந்தக் காலத்து வண்ண அச்சு என்றால் கல் அச்சு, அதாவது லித்தோ. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் படம் தயார் செய்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட வேண்டும். நூறு பிரதி என்றாலும் பத்தாயிரம் என்றாலும் இந்த முன்வேலை ஒன்றுதான். ஒரு பேச்சுக்கு முன்வேலைக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 பிரதிக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 10 ரூபாய். 10,000 பிரதிக்கு என்றால் ஒன்றுக்கு 10 பைசா! சின்னக் கடைக்காரரை அடிப்பது காகித விலையல்ல, இந்தக் கணக்குதான்.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1876 பிலடெல்பியா கண்காட்சியை ஒட்டி வண்ண விளம்பர அட்டைகள் பெரிய மோகமாகப் பரவின. அங்கே அச்சகங்கள் பூ, குழந்தை, பூனைக்குட்டி என்று பொதுவான படங்களை ஆயிரக்கணக்கில் அடித்து, ஓரத்தில் கொஞ்சம் இடத்தை வெறுமையாக விட்டன. கடைக்காரர் தனக்கு வேண்டிய அளவு அட்டை வாங்கி, உள்ளூர் அச்சகத்தில் கறுப்பு மையில் பெயரைப் போட்டுக்கொண்டார். படத்துக்கான செலவை ஊர் உலகமே பங்கு போட்டுக்கொண்டது. கடைக்காரருக்குப் பெயர்ச் செலவு மட்டும்.

இப்போது சிவகாசிக்கு வருவோம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய கதை பலருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். வெளியிலிருந்து வரவழைப்பதைவிட ஊரிலேயே அச்சடித்தால் மிச்சம். அப்படித்தான் அச்சகங்கள் பெருகின. லேபிள் அடிக்கும் எந்திரம் சாமி படம் அடிக்காதா என்ன? :-) பக்கத்தில் கோவில்பட்டியில் ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) இருந்தார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்த கை அது. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் சிவகாசி அச்சு வழியாக வீடு வீடாகப் போனார்கள்.

இங்கும் அதே வித்தைதான். படம் பொது, தேதித்தாள் பொது, ராகுகாலம் எமகண்டமும் பொது. கடைப் பெயருக்கு ஒரு பட்டை மட்டும் காலி. ஆடி 18 அன்று அந்த வருஷத்து ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி வழக்கம். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுவார்கள். பிள்ளையார், இயேசு, மெக்கா, இயற்கைக் காட்சி என எல்லாம் அதில் இருக்கும். கடைக்காரர் எண்ணைச் சொல்லி, பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. ஆடியிலேயே ஆர்டர் வந்துவிடுவதால் எந்தப் படம் எத்தனை போகும் என்று அச்சகத்துக்கும் பிடிபடும், காகிதம் வீணாகாது.

இதில் ஒரு இழப்பும் உண்டு. எதிர்க் கடைக்காரரும் அதே முருகனைத் தேர்ந்தெடுக்கலாம். 'எனக்கே எனக்கு' என்ற படம் கிடைக்காது. ஆனால் வருஷம் முழுக்க வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் தன் பெயர் தொங்கும். சாமி படம் என்பதால் யாரும் சட்டென்று குப்பையில் போடவும் மாட்டார்கள். அந்த விலைக்கு இது நல்ல பேரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. (வருஷம் முடிந்ததும் படத்தை வெட்டிச் சட்டம் போடுபவர்கள் கடைப் பெயரைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்பது வேறு விஷயம்.)

ஜவுளிக்கடை மஞ்சப்பையும் இதே சாதிதான். பை எல்லோருக்கும் ஒன்று, மேலே ஒரே வண்ணத்தில் பெயர். இரண்டாவது வண்ணம் கேட்டால் இன்னொரு ஸ்கிரீன், இன்னொரு செலவு.

டிஜிட்டல் அச்சு வந்தபின் கல்லும் வேண்டாம், பிளேட்டும் வேண்டாம். பத்தே பத்துக் காலண்டர்கூட சொந்தப் படத்தோடு அடிக்கலாம். ஆனால் அதில் எண்ணிக்கை கூடினாலும் ஒரு பிரதியின் விலை பெரிதாக இறங்காது. பத்துக்கு லாபம், ஐநூறுக்கு நஷ்டம். அதனால்தான் ஆடி பிறந்தால் ஏஜெண்டுகள் இன்னமும் ஆல்பத்தோடு மளிகைக்கடைப் படி ஏறுகிறார்கள்.