பட்டிக்கூடும் புதிர்ப்பெட்டியும்: தென் திருவிதாங்கூர் எல்லையில் வேலை இழந்த நாய்

களியிக்காவிளையைக் கடந்து இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் சாலையில், வீட்டு வாயில்களில் தொங்கும் பலகைகளின் எழுத்து மாறுகிறது, பொருள் மாறுவதில்லை. தமிழகப் பக்கம் 'நாய்கள் ஜாக்கிரதை'. கேரளப் பக்கம் 'நாயுண்டு, சூக்ஷிக்குக'. பலகைக்குப் பின்னால் மதிற்சுவர். மதிலின் மூலையில் இரும்புக் கம்பியடித்த கூண்டு. பகல் முழுவதும் நாய் அதற்குள் கிடக்கிறது. சாலையில் யார் நடந்தாலும் குரைக்கிறது, நடக்காதபோது தன் வாலையோ காலையோ கடிக்கிறது. அண்மைக் காலமாகச் சில கூண்டுகளுக்குள் ஒரு புதுப்பொருளும் காணப்படுகிறது. அது நடுவில் துளையுள்ள ஒரு ரப்பர் உருண்டை. உணவைத் துளைக்குள் திணித்துக் கொடுத்தால், நாய் உருட்டியும் நக்கியும் கடித்தும் அதை வெளியே எடுத்து உண்ண வேண்டும். 'நாய்க்குமா விளையாட்டுச் சாமான்?' என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்தச் சாமான் எங்கிருந்து வந்தது, எந்த இழப்பை ஈடுசெய்ய வந்தது என்பது சிரிப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி.

முதலில் சொல்லைப் பற்றி. பிற தமிழ் மாவட்டங்களில் 'பட்டி' என்றால் ஆட்டுமாட்டுத் தொழுவம், ஊர்ப்பெயரின் ஈறு. விளவங்கோட்டிலும் நெய்யாற்றின்கரையிலும், தமிழ் பேசுவோரிடத்தும் மலையாளம் பேசுவோரிடத்தும், பட்டி என்றால் நாய். மதுரைக்காரருக்குப் 'பட்டிக்கூடு' என்று சொன்னால் ஆட்டுத் தொழுவம் என்றே எண்ணுவார். தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைக்குக் 'குருளை' என்ற பெயரைப் பன்றி, புலி, முயல் ஆகியவற்றோடு சேர்த்து வகுக்கிறது. அந்த வரிசையில் ஆடும் மாடும் இல்லை. நாய் அங்கே தொழுவத்து விலங்குகளோடு எண்ணப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

வேலையுள்ள நாயைத் தமிழ்நிலம் எப்படி மதித்தது என்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர் நடுகல்லைவிடச் சிறந்த சான்று இல்லை. முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. போரில் பட்ட வீரனோடு அவனுடைய நாயும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கோவிவன் என்ற பெயரும், கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளன. பெயர் பெற்றது செயலுக்காகவேயன்றி அழகுக்காகவோ இனத்தூய்மைக்காகவோ அன்று. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எனப் பிற்காலத்தில் புகழ்பெற்ற நாட்டினங்களும் வேட்டை, காவல் ஆகிய தொழில்களின் வழியாகவே உருப்பெற்றன.

எல்லைக் கிராமங்களின் நாய்க்கு இத்தகைய கல்லும் இல்லை, இனப்பெயரும் இல்லை. ஆனால் அதற்கு ஒரு நிலப்பரப்பு இருந்தது. இப்பகுதியின் ஊர்ப்பெயர்கள் பலவற்றில் 'விளை' என்ற ஈறு நிற்பதற்குக் காரணம், இங்கே வீடு தெருவில் இல்லாமல் விளையின் நடுவில் இருப்பதுதான். பனையும் தென்னையும் பலாவும் மரச்சீனியும் நிற்கும் மேட்டு நிலத்தில் ஒரு வீடு. அடுத்த வீடு அடுத்த விளையில். இடையே எல்லை குறிப்பது மண்ணால் எழுப்பிய கையாலை. கையாலை மனிதருக்கு எல்லை, நாய்க்கு ஒரு தாவல். விளையைச் சுற்றுவது, அயல் மணத்தை அறிவது, கீரியையும் பெருச்சாளியையும் தோண்டித் துரத்துவது, கழிவில் உணவு தேடுவது என அதன் நாள் முழுவதும் சிறு சிறு புதிர்களால் நிறைந்திருந்தது. அந்த நாயின் வாழ்வு இன்பமயமானது என்று கொள்ள வேண்டியதில்லை. பசியும் சொறியும் வெறிநோயும் அதன் பங்காகவே இருந்தன. சலிப்பு மட்டும் இருந்திருக்க வாய்ப்பில்லை.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அரசியல் எல்லை இவ்வாறு வரையப்பட்டபின், அதற்கு இருபுறமும் ஒரே வகையான வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. ரப்பர் பரவியது, நிலம் துண்டுபட்டது, வெளிநாட்டு வருவாய் வந்தது, கையாலை இருந்த இடத்தில் கல்மதிலும் இரும்பு வாயிலும் எழுந்தன. நாட்டு நாயின் இடத்திற்கு அல்சேஷனும் டாபர்மேனும் ராட்வைலரும் வந்தன. இவை மந்தை மேய்க்கவும் காவல் காக்கவும் பல தலைமுறைகளாக வளர்த்தெடுக்கப்பட்ட இனங்கள். இங்கே அவற்றின் பணி குரைப்பதாகச் சுருங்கியது.

இதே காலத்தில், வெகு தொலைவில், நாயின் அறிவைப் பற்றிய ஆய்வு வேறொரு கூண்டிலிருந்து வளர்ந்துகொண்டிருந்தது. 1898இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் தார்ண்டைக் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக மரச்சட்டங்களால் 'புதிர்ப்பெட்டிகள்' செய்தார். பூனைகளோடு மூன்று நாய்களும் அவற்றில் அடைக்கப்பட்டன. கயிற்றை இழுத்தாலோ, தாழைத் தள்ளினாலோ கதவு திறக்கும். உணவு வெளியே இருக்கும். முயன்று தவறி, தற்செயலாகத் திறந்து, மெல்ல மெல்ல விரைவு பெறுவதே விலங்கின் கற்றல் என்று அவர் முடிவுகட்டினார். அவர் போகிறபோக்கில் குறித்த ஒரு செய்தி முடிவைவிடச் சுவையானது: பூனை அடைபட்ட நிலையிலிருந்தே தப்பத் துடித்தது, நாயோ அமைதியாக, உணவு இருந்த பக்கத்தையே நாடி முயன்றது.

மறு ஆண்டே மெக்கில் பல்கலைக்கழகத்தின் வெஸ்லி மில்ஸ் இதைக் கடுமையாக மறுத்தார். மனிதனை உயிரோடு சவப்பெட்டியில் இட்டு மண்ணுக்குள் இறக்கிவிட்டு, அவன் அங்கே நடந்துகொள்வதை வைத்து மனித மனத்தின் இயல்பை எழுதுவதற்கு ஒப்பானது இது என்பது அவர் வாதம். பின்வந்த உளவியல் வரலாறு தார்ண்டைக்கைக் கொண்டாடியது, மில்ஸ் அடிக்குறிப்பானார். கூண்டில் அடைத்த விலங்கு காட்டுவது கூண்டின் இயல்பையா, விலங்கின் இயல்பையா என்ற அவருடைய வினாவுக்கு இன்றும் உயிர் இருக்கிறது. ருஷ்யாவில் பாவ்லோவின் ஆய்வகத்திலும் இவ்வினா வேறு உருவில் எழுந்தது. சோதனைச் சட்டத்தில் வாரிட்டுக் கட்டப்படுவதை ஏற்க மறுத்து ஓயாமல் திமிறிய ஒரு நாயைக் கண்டு, 'விடுதலை அனிச்சை' என்ற பெயரையே அவர் உருவாக்க வேண்டியதாயிற்று. பிறகு அந்நாய்க்குச் சட்டத்தில் நின்றால்தான் சோறு என்று ஆக்கி, அந்த அனிச்சையை அடக்கினார்கள்.

திருப்பம் எலியிலிருந்து வந்தது. 1963இல் க்ளென் ஜென்சன் 200 எலிகளுக்கு இரண்டு வழிகளை வைத்தார். ஒரு கிண்ணத்தில் உழைப்பின்றிக் கிடைக்கும் உணவு. அருகே அழுத்தினால் அதே உணவைத் தரும் நெம்புகோல். கிண்ணம் நிறைந்திருந்தும் எலிகள் நெம்புகோலை அழுத்தி உண்பதைக் கைவிடவில்லை. உண்பதற்கு மட்டுமன்றித் தேடுவதற்கும் விலங்குக்கு ஒரு பசி உண்டு என்ற எண்ணம் இதிலிருந்து வலுப்பெற்றது. 1970களில் ஹால் மார்க்கோவிட்ஸ் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக் காட்சிச்சாலையில், கிப்பன் குரங்குகள் தாமே இயக்கி உணவு பெறும் பொறிகளை அமைத்தார். நாயைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்க ஆய்வு 2014இல் சுவீடனில் வெளியானது. பீகிள் நாய்களை இணைகளாகப் பிரித்து, ஒன்றுக்குப் புதிரைத் தீர்த்தால் பரிசு என்றும், மற்றதற்கு அது என்ன செய்தாலும் அதே நேரத்தில் அதே பரிசு என்றும் வைத்தார்கள். தீர்த்துப் பெற்ற நாய் வாலாட்டிக்கொண்டு சோதனை அறைக்கு ஓடியது. சும்மா பெற்ற நாய் தயங்கியது. பரிசு இரண்டுக்கும் ஒன்றே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தார்ண்டைக்கின் பெட்டியில் நாய் உள்ளே, உணவு வெளியே. இன்றைய பொம்மையில் உணவு உள்ளே, நாய் வெளியே. முக்கால் நூற்றாண்டுக்குள் பெட்டி இவ்வாறு உள்வெளியாகப் புரண்டது. கடைச்சரக்காக அது உருவான கதையும் வேலை இழந்த ஒரு நாயின் கதையே. 1970களில் அமெரிக்காவின் டென்வரில் ஜோ மார்க்கம் என்பவரிடம் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் இருந்தது. காவல்துறைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அந்நாய் கற்களைக் கடித்துப் பற்களை நாசமாக்கிக்கொண்டிருந்தது. பழுதுபார்க்கப்பட்ட ஃபோக்ஸ்வாகன் வேனிலிருந்து கழற்றி எறிந்த ஒரு ரப்பர் உறுப்பை அது விடாமல் பற்றிக்கொண்டதைக் கண்டு, அதே வடிவில் அவர் வார்த்த பொம்மைதான் 'காங்'. சுவீடனின் நீனா ஓட்டோசன் 1990களின் தொடக்கத்தில் மரத்தில் புதிர்ப்பலகைகள் செய்யத் தொடங்கியதும், குழந்தைகள் பிறந்தபின் தம் நாய்களுக்கு நேரம் ஒதுக்க இயலவில்லை என்ற உறுத்தலால்தான். இரண்டு கதைகளிலும் பொம்மைக்கு முன்னால் ஓர் இழப்பு இருக்கிறது. ஒன்றில் தொழில், மற்றொன்றில் துணை.

காங் இயற்கை ரப்பரால் ஆனது. பாறசாலைக்குக் கிழக்கே மேடுகளில் விடியுமுன் பால்வெட்டப்படும் மரங்களின் சரக்கும் அதுவே. கையாலைகளை விழுங்கிய பயிர், நாயின் சலிப்புக்கு மருந்தாகப் பொட்டலத்தில் திரும்பி வருகிறது. வரலாற்றுக்கு இத்தகைய குறும்புகள் உண்டு.

சட்டம் இந்தச் சலிப்பை எப்போதேனும் கண்டதா? கண்டது, பாதியளவு. ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசே சட்டம் இயற்றும் என்ற நேருவின் உறுதியை ஏற்றுத் திரும்பப் பெற்றார். அதன் விளைவாகப் பிறந்தது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11ஆம் பிரிவு, வழக்கமாகச் சங்கிலியிலோ அடைப்பிலோ வைக்கப்படும் நாய்க்கு நியாயமான அளவு நடமாட்டம் தர உரிமையாளர் தவறுவதைக் குற்றமாக்குகிறது. பிற விலங்குகளுக்கு இல்லாமல் நாய்க்கென்றே எழுதப்பட்ட உட்பிரிவு இது. முதல் குற்றத்திற்கான தண்டம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். அமெரிக்காவின் 1985ஆம் ஆண்டுத் திருத்தமும் இதே இடத்தில்தான் நின்றது: ஆய்வகக் குரங்கினங்களின் உளநலம் பேணப்பட வேண்டும் என்றது; நாய்களுக்கு உடற்பயிற்சி போதும் என்றது. குரங்குக்கு மனமும் நாய்க்குக் கால்களும் இருப்பதாகச் சட்டம் கருதியதுபோலும்.

எல்லைக்கு வடபுறம் மற்றுமொரு விதி உண்டு. பன்றி, நாய் வளர்ப்புக்கு உரிமம் வேண்டும் என்னும் 1998ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் விதிகள் அவை. நாயால் பிறர்க்கு நேரும் தொல்லையே இத்தகைய விதிகளின் கவலை. அந்தக் கவலை வீண் என்று எவரும் சொல்ல இயலாது. 2016 ஆகஸ்டில் நெய்யாற்றின்கரை வட்டத்துப் புல்லுவிளைக் கடற்கரையில் முதிய பெண்ணொருவர் தெருநாய்களால் கடித்துக் கொல்லப்பட்டார். கேரளம் முழுவதும் நாய்களைக் கொல்ல வேண்டும் என்ற குரலும் கூடாது என்ற குரலும் எழுந்தன. விவாதம் தெருவிலேயே நின்றுவிட்டது, மதிலுக்குள் வரவில்லை. தெருநாய்க்கும் கூண்டுநாய்க்கும் இடையே போக்குவரத்து உண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. கூண்டில் பிறரோடு பழகாமல் வளர்ந்து, கட்டுக்கடங்காமல் போய், ஓர் இரவில் சாலையோரம் இறக்கிவிடப்படும் நாய் தெருவின் கணக்கில் சேர்கிறது.

அச்சமும் அறிவும் ஒரே நாயில் இணைவதைக் காண வேறெங்கும் போக வேண்டியதில்லை. கேரளக் காவல்துறை 1959இல் அல்சேஷன்களோடு தன் துப்பறியும் நாய்ப்படையைத் தொடங்கியது. அத்தகைய நாய் ஊருக்கு வந்து மோப்பம் பிடித்தால் கூட்டம் வியந்து வழிவிடும். அதன் பயிற்சியில் விளையாட்டே கூலி. மணத்தைக் கண்டுபிடித்தால் பந்து. பந்துக்காக மீண்டும் மணம். அதே இனத்து நாய் மதில்மூலையில் கிடக்கும்போது 'கடிக்கும்' என்ற ஒற்றைத் தகுதியோடு நின்றுவிடுகிறது.

ஆகவே ரப்பர் உருண்டையை ஆடம்பரம் என்று ஒதுக்குவதும் தவறு, விடுதலை என்று போற்றுவதும் தவறு. கூண்டைத் திறக்காமல் அதற்குள் ஓர் உருண்டையைப் போட்டு மனத்தை ஆற்றிக்கொள்வதற்கும் அது பயன்படுகிறது. பாவ்லோவின் நாய்க்குச் சட்டத்திலேயே சோறு வைத்ததற்கும் இதற்கும் உள்ள தொலைவு அதிகமில்லை. ஓட்டோசனின் பலகையோ நாயும் மனிதரும் சேர்ந்து அமர்வதற்காகச் செய்யப்பட்டது. சேர்ந்து அமர்வதற்குக் கடைச்சரக்கும் கட்டாயமில்லை. மீன்தலைச் சோற்றை ஒரு சிரட்டையில் வைத்து, மற்றொரு சிரட்டையால் மூடி, விளையில் ஒரு மரத்தடியில் மறைத்துவிட்டு நாயை அவிழ்த்துவிட்டால், மூக்கு தரையைத் தொட அது கிளம்பும். இப்பகுதியில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. வாயிலைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் உடன் நிற்க ஓர் ஆள் வேண்டும்.