ஈயமும் மரபணுவும்: சென்னைக் குழந்தைகளின் நடத்தை பற்றிய ஆய்வுகள்

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. ஒரே அளவு ஈயம் எல்லாக் குழந்தைகளையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. பிறவியிலேயே வந்த மரபணு வேறுபாடு அதற்கு ஒரு காரணமாகலாம் என்பதற்கு முக்கியமான சான்று சென்னையிலிருந்து கிடைத்தது.

மரபணுவும் சூழலும் சேர்ந்து மனநலத்தைப் பாதிக்கின்றன என்ற கருத்து 2003இல் உலகெங்கும் பேசப்பட்டது. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் கடத்தி மரபணுவில் ஒரு வடிவம் உள்ளவர்கள் வாழ்க்கை நெருக்கடிகளுக்குப் பின் எளிதில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்று நியூசிலாந்தின் டுனெடின் நகர ஆய்வு கூறியது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. ஆகவே இத்தகைய முடிவுகளை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும்; சென்னையின் முடிவுகளையும் அப்படியே.

சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பள்ளிக் குழந்தைகளின் இரத்தத்தை அனன்யா ராய், டேவிட் பெல்லிங்கர், ஹோவர்ட் ஹூ ஆகியோர் அடங்கிய குழு பரிசோதித்தது. ஈயத்தின் சராசரி அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அமெரிக்காவில் அன்றிருந்த எச்சரிக்கை அளவு 10. இன்று அது 3.5. ஈயம் கூடிய பிள்ளைகளிடம் பதற்றமும், பிறரோடு பழகுவதில் சிக்கலும், கவனச் சிதறலும் கூடியிருந்ததை ஆசிரியர்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்கள் காட்டின. இம்முடிவுகள் 2009இல் வெளியாயின.

2011இல் அதே குழு 12 பள்ளிகளைச் சேர்ந்த 717 குழந்தைகளிடம் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் ஏற்பி மரபணுவை ஆராய்ந்து எழுதியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறுபட்ட வடிவத்தைப் பெற்றிருந்த 73 குழந்தைகளுக்கு, ஈயம் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கூடும்போது நுண்ணறிவு அளவில் 9 புள்ளிகள் குறைந்தன. மற்ற 644 பேருக்கு 4 புள்ளிகள். ஹீமோகுளோபின் கூடுதலாக இருந்தால் மற்றவர்களின் நுண்ணறிவு அளவும் கூடியிருந்தது. அந்த 73 பேரிடம் அந்த நன்மை தென்படவில்லை. 73 சிறிய எண்ணிக்கை, பிழை வரம்பும் அகலம்; முடிவை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த 4 புள்ளிகளை மறக்கக்கூடாது. எந்த மரபணுவைப் பெற்ற பிள்ளையையும் ஈயம் விட்டுவைக்கவில்லை.

சாத்தாங்காடு இரும்பு எஃகுச் சந்தை, மணலி ஆலைகள், எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகள் எனத் தொழிற்சாலைகளுக்கும் போக்குவரத்துக்கும் நடுவே பிள்ளைகள் வளரும் வடசென்னைக்கு இந்த ஆய்வுகள் மிகவும் முக்கியமானவை. மணலியை 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசடைந்த பகுதிகளில் சேர்த்தது.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடெங்கும் நின்றது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்ட் பழைய கதவுகளிலும் ஜன்னல் கம்பிகளிலும் இருந்தால், உதிரும் தூசு தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும். அந்தப் பெயிண்டைச் சுரண்டுவதற்கு முன் நனைத்துக்கொண்டால் தூசு பறப்பது குறையும்.