கூரையும் கௌரவமும்

மேல் திறந்த மோட்டார் வண்டியைக் கண்டு வியவாதார் சிலரே. அதன் சரித்திரத்தை ஆராய்வோமாயின், மனிதர் எதனைக் கௌரவமென்று கருதுகின்றனர் என்பது நன்கு விளங்கும்.

1886ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் உரிமைப் பத்திரம் கோரிய மூன்று சக்கர வண்டிக்குக் கூரையே கிடையாது. 1908இல் அமெரிக்காவில் வெளிவந்து சாமானியரையும் மோட்டாரில் ஏற்றிய போர்டு டி மாடலும் பெரும்பாலும் கித்தான் கூரை வண்டியே. மரச்சட்டமும் கைவேலையும் மிகுந்த மூடுவண்டியின் விலை எளியோர்க்கு எட்டவில்லை. ஆகவே மழையும் புழுதியும் எளியோர் பங்கு. கண்ணாடியும் கூரையும் செல்வர் பங்கு.

இந்நிலையை மாற்றியது ஹட்சன் கம்பெனியின் எஸ்ஸெக்ஸ் மூடுவண்டி. 1922 வாக்கில் அது திறந்த வண்டியைவிடச் சுமார் 300 டாலர் கூடுதல். 1925க்குள் அதனினும் மலிவாயிற்று. கூரை யாவர்க்கும் கிடைத்தது. உடனே கூரையை நீக்கிச் செல்வது செல்வரின் அடையாளமாயிற்று!

அவ்வாசைக்குப் புதுவழி கண்டவர் ஜார்ஜ் பாலின் என்னும் பிரெஞ்சுப் பல் வைத்தியர். இரும்புக் கூரை முழுவதும் பின்புறப் பெட்டிக்குள் சென்று மறையும் முறையை அவர் வகுத்தார். 1934இல் பேஜோ கம்பெனி அதனைத் தன் வண்டிகளில் அமைத்தது. நாஜிகள் பிரான்ஸைக் கைப்பற்றியபோது பாலின் அவர்களை எதிர்த்து இரகசியமாக உழைத்தார். 1942இல் அவரைச் சுட்டுக் கொன்றனர். செல்வரின் உல்லாசத்திற்குக் கூரையமைத்தவர் தேசத்தின் விடுதலைக்கு உயிரளித்தார். இவற்றுள் எது கௌரவம்?

1976இல் காடிலாக் கம்பெனி, அமெரிக்காவின் கடைசித் திறந்த வண்டியென்று விளம்பரம் செய்தது. பின்னர் அதிக விலைக்கு விற்கலாமென்று பலர் வாங்கிப் பூட்டி வைத்தனர். 1982இல் கிரைஸ்லர் புதிய திறந்த வண்டியை வெளியிட்டது. 1984இல் காடிலாக்கே மீண்டும் வெளியிட்டது. பூட்டி வைத்தவர் ஏமாந்தனர்.

காற்றும் வானமும் இன்பமே, மறுப்பாரில்லை. ஆனால் வேண்டும்போது மூடிக்கொள்ள வசதியுள்ளவனுக்கே அவை இன்பம். மூட வழியின்றி நனைபவனுக்குத் துன்பம். நேற்று எளிமையின் குறியாயிருந்தது இன்று பெருமையின் குறியாயிற்று. வானம் மாறவில்லை, விலையே மாறிற்று. ஆதலின் பிறர் வண்டியைக் கண்டு தம்மைத் தாழ்வாக எண்ணுவதும், கடன்பட்டு அவரைப்போல் வேடமிடுவதும் அறிவுடைமையாகா.