படம் இருக்கிறது, கதை எங்கே?

அக்காவின் ஆறு வயது மகளுக்கு அண்மையில் ஒரு படப்புத்தகம் கொடுத்தேன். கற்காலக் குடும்பம் ஒன்றின் ஒருநாள் வாழ்வே அதன் பொருள். அட்டையைத் தாண்டினால் உள்ளே ஓர் எழுத்தும் கிடையாது. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிவரும் குழந்தை எழுத்தே இல்லாத நூலை என்ன செய்வாள் எனக் கவனித்திருந்தேன். முதலில் படத்தில் இருந்தோர் அனைவருக்கும் பெயர் சூட்டினாள். பிறகு ஒவ்வொரு பக்கத்தைப் புரட்டும்போதும் "அப்புறம்..." என்று தொடங்கினாள். அந்தப் பெயர்கள் புத்தகத்தில் இல்லை. அந்த "அப்புறம்" என்ற சொல்லும் இல்லை. இரண்டையும் அவளே கொண்டுவந்து சேர்த்தாள்.

பாறை ஓவியங்களைப் பயில்வோர் மறக்கக்கூடாத பாடம் இது.

மத்தியப் பிரதேசத்தின் ராய்சேன் மாவட்டத்தில், விந்திய மலையடிவாரத்தில் உள்ளது பீம்பேட்கா. 1957இல் தொல்லியலாளர் வாகண்கர் இதனை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2003இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ஐந்து தொகுதிகளாக ஏறத்தாழ 400 பாறை ஒதுக்கிடங்களில் இங்கே ஓவியங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில், பன்றியின் உடலும் காளையின் கொம்புகளும் கொண்ட பேருருவ விலங்கு சின்னஞ்சிறு மனிதன் ஒருவனைத் துரத்துகிறது. அவன் பிழைத்தானா? அந்த விலங்கு தெய்வமா, கனவில் வந்ததா? துரத்தும் கணம் மட்டுமே பாறையில் இருக்கிறது. முன்னும் பின்னும் இல்லை.

சொல்லில்லாத படம் எதையுமே சொல்வதில்லை என்பது இதன் பொருளன்று. 1883இல் ஜான் காக்பர்ன் என்பவர் மிர்சாபூர்ப் பகுதிப் பாறையில் கண்ட காண்டாமிருக வேட்டை ஓவியத்தின் படியை விளக்கத்துடன் வெளியிட்டார். காண்டாமிருகம் அந்நிலத்தில் வாழ்ந்தது என்பதற்கு அதை ஒரு சான்றாக முன்வைத்தார். விலங்கு, ஆயுதம், வேட்டை முறை ஆகியவற்றுக்குப் படம் நல்ல சாட்சி. ஆனால் அந்த வேட்டையை நினைவுகூர்ந்தவர்கள் அதை எப்படிச் சொன்னார்கள் என்பதற்கு அது சாட்சியாகாது.

கண்டவர் வாய் திறக்காவிட்டால் என்னவாகும் என்பதற்கு மிர்சாபூரே இன்னோர் எடுத்துக்காட்டு. 1867-68இல், ஸ்பெயின் நாட்டு அல்டமிரா ஓவியங்கள் கண்டறியப்படுவதற்கு ஒரு பத்தாண்டுக்கும் முன்பே, ஆர்ச்சிபால்டு கார்லைல் அங்குள்ள பாறை ஓவியங்களைக் கண்டார். அவை பழமையானவை என்றும் உணர்ந்தார். ஆயினும் அவர் அதை நூலாக்கவில்லை. குறிப்புகள் 1906இல்தான் அச்சேறின.

எழுத்தில்லாப் படம் சொல்லோடு சேர்ந்து வாழ்வதை இன்றும் ராஜஸ்தானில் காணலாம். பாபூஜி என்னும் நாட்டார் வீரரின் கதை 'ஃபட்' எனப்படும் நீண்ட துணியோவியமாகத் தீட்டப்படுகிறது. இரவு முழுவதும் அதன் முன் நின்று போபா என்னும் பாடகர் பாடுவார். அவர் மனைவி போபி விளக்கேந்தி, பாடப்படும் காட்சிக்கு ஒளி காட்டுவார். துணியில் காட்சிகள் கதையின் வரிசைப்படி அமைவதில்லை. அவை நிகழ்ந்த இடத்தை ஒட்டியே அமைகின்றன. எனவே பாடல் அறியாதவர் இடமிருந்து வலமாகப் பார்த்துக் கதையைக் கண்டுகொள்ள இயலாது. கதையின் வரிசை போபாவின் நாவில் இருக்கிறது. துணி நைந்துபோனால் அதைப் புஷ்கர் ஏரியில் விட்டுவிட்டுப் புதியது எழுதிக்கொள்வதும் உண்டு. துணி போனாலும் கதை போவதில்லை.

பீம்பேட்காவில் நிகழ்ந்தது இதன் தலைகீழ். படம் நின்றது, எழுதியோர் அறிந்திருந்த பொருள் அவர்களோடு போயிற்று. போபாவின் வழக்கத்தை அப்படியே கற்காலத்தின்மேல் ஏற்றிச் சொல்வது பிழை. ஆயினும் ஃபட் ஓர் எச்சரிக்கையைத் தருகிறது: கதையின் வரிசை படத்திலேயே இருந்தாகவேண்டும் என்பதில்லை. பாறையில் அடுத்தடுத்து உள்ள உருவங்களைக் கோத்து, "இதோ அவர்கள் சொன்ன கதை" என்று நாம் அறிவிக்கும்போது, அக்காவின் மகள் செய்ததையே செய்கிறோம். அவள் செய்தால் அது விளையாட்டு. நாம் செய்தால் அதை வரலாறு என்று நம்பிவிடுகிறார்கள்.

இன்று ஃபட் நகரத்து வரவேற்பறைகளில் அலங்காரமாகத் தொங்குகிறது. விலை கொடுத்து வாங்குவோருக்குத் துணி கிடைக்கிறது; பாட்டு கிடைப்பதில்லை. பாடுவோர் இல்லாத நாளில் அதுவும் இன்னொரு பீம்பேட்கா ஆகிவிடும். துணியைச் சேகரிக்கும் அருங்காட்சியகங்கள் அதன் பாடலையும் சேர்த்துப் பதிவுசெய்து காப்பது இக்காலத்தின் கடமை.

மறுநாள் குழந்தை அதே புத்தகத்தை எடுத்துவந்து முற்றிலும் வேறொரு கதை சொன்னாள். பெயர்களும் மாறியிருந்தன. முதல் நாள் கதையைக் கேட்டேன், அவளுக்கு நினைவில்லை. நானும் அதை எழுதி வைத்திருக்கவில்லை.