உபகாரமும் சம்பளமும்



சில மாதங்களுக்கு முன்பு பிரிக்பீல்ட்ஸில் ஒரு திருமண வீடு. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு தாய் என் அருகில் வந்து உட்கார்ந்தார். அவர் மகள் வேதியியல் படித்துப் பட்டம் பெற்றுவிட்டாள். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. பெண்ணோ, ஆராய்ச்சி செய்யப் போகிறேன், அதற்கு உபகாரச் சம்பளத்துக்கு மனுச் செய்யப் போகிறேன் என்கிறாளாம்.

"ஐயா, சின்னப் பிள்ளையிலிருந்து உபகாரம் வாங்கித்தான் படிச்சா. இன்னும் எத்தனை வருஷத்துக்குங்க உபகாரம் வாங்குறது? கேக்கவே வெட்கமா இருக்கு" என்றார்.

அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. குறை நாம் வழங்கும் சொல்லில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கும், பட்டம் பெற்று ஆராய்ச்சி செய்பவருக்குக் கொடுப்பதற்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறோம். முதலாவதில் உபகாரம் உண்டு. ஏழைப் பிள்ளை படிக்கட்டும் என்ற எண்ணம் உண்டு. இரண்டாவதில் இருப்பது பெரும்பாலும் சம்பளம்தான். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள 1913-ஆம் ஆண்டுக்கும் சென்னைப் பட்டினத்துக்கும் போய் வரவேண்டும். அங்கே ஒரு கிராணி இருந்தார்.

கிராணி என்றுதான் சொல்ல வேண்டும். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில், 1912 மார்ச் முதல் தேதி வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பெயர் ராமானுஜன். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். பள்ளியில் முதல் மாணவராக இருந்தவர், கல்லூரியில் கணிதத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரி கொடுத்த உபகாரச் சம்பளம் ஆங்கிலத் தேர்வில் தோற்றதால் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1907-இல் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்விதான். பட்டம் இல்லை. திருமணம் ஆகியிருந்தது. நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் தம் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்துக் கொஞ்ச காலம் தாங்கினார். அது உண்மையில் உபகாரம். அதை நெடுநாள் வாங்கிக்கொண்டிருக்க ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. அதனால்தான் கிராணி வேலைக்கு மனுச் செய்தார்.

துறைமுகத்தில் அவருக்கு மேலே இருந்தவர்கள் இருவர். தலைமைக் கணக்கரான நாராயண ஐயர் தாமே கணிதம் தெரிந்தவர்; தலைவரான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியியலாளர். ஒரு கிராணி நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டு சீறாமல், அது என்னவென்று கேட்ட மேலதிகாரிகள். இப்படி இருவர் ஒரே அலுவலகத்தில் வாய்ப்பது எங்கும் நடக்கும் காரியமல்ல.

1913 ஜனவரி 16-ஆம் தேதி ராமானுஜன் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் ஒரு கிராணி, ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை முதலிலேயே ஒளிக்காமல் சொன்னார். பிறகு ஏடு ஏடாகத் தாம் கண்டுபிடித்த தேற்றங்கள். அந்தக் கடிதம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கென்னவோ பிப்ரவரி 27-ஆம் தேதி அவர் எழுதிய இரண்டாவது கடிதம்தான் நம் விஷயத்துக்கு நெருக்கமாகப் படுகிறது. ஹார்டியின் பதில் வந்த மகிழ்ச்சியில் எழுதியது அது. தாம் அரைப்பட்டினியாக இருப்பதாகவும், மூளையைக் காப்பாற்றிக்கொள்ள உணவு வேண்டும் என்றும் அதில் சொல்கிறார். ஹார்டியிடமிருந்து பரிவான ஒரு கடிதம் கிடைத்தால், பல்கலைக்கழகத்திடமோ அரசாங்கத்திடமோ உபகாரச் சம்பளம் பெற அது உதவும் என்கிறார். பணம் அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. என் வேலையைப் பார்த்துவிட்டு, கண்டதைச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. இந்திய வானிலைத் துறையின் தலைவரான கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்திருந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். பிப்ரவரி 25-ஆம் தேதி ஸ்பிரிங் துரை அவரிடம் ராமானுஜனின் நோட்டுகளைக் காட்டினார். மறுநாளே வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார். பிழைப்பைப் பற்றிய கவலை இல்லாமல் சில ஆண்டுகளாவது இந்த மனிதர் முழு நேரமும் கணிதத்திலேயே செலவிட வழிசெய்வது பல்கலைக்கழகத்துக்குத் தகும் என்பதே அதன் சாரம். ஆராய்ச்சிச் சம்பளம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒருவருடைய நேரத்தைப் பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்குகிறது. அந்த நேரத்தை அவர் ஆராய்ச்சிக்கே கொடுக்க வேண்டும்.

மார்ச் 19-ஆம் தேதி கணிதப் பாடக் குழு கூடி மாதம் 75 ரூபாய் கொடுக்கலாம் என்று பரிந்துரை செய்தது. ஏப்ரல் 7-இல் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவில் ஒரு முட்டுக்கட்டை. முதுகலைப் பட்டம் பெற்றவருக்கே ஆராய்ச்சிச் சம்பளம் என்பது விதி; ராமானுஜனுக்கு முதல் பட்டமே கிடையாது. துணைவேந்தராக இருந்த பி.ஆர். சுந்தரம் ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதி. சட்டம் படித்தவர் சட்டத்தையே எடுத்தார். பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரையில் ஆராய்ச்சியை வளர்ப்பதும் ஒரு நோக்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த நோக்கத்துக்கு விதி தடையாகலாகாது என்று வாதாடினார். தீர்மானம் நிறைவேறியது. மே மாதம் முதல், இரண்டாண்டுகளுக்கு, மாதம் 75 ரூபாய். கிராணிச் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. ராமானுஜனே பட்டம் இல்லாமல் வாங்கினார், எனக்கெதற்குப் பட்டம் என்று எந்தத் தம்பியாவது நினைத்தால் அது பெரும் பிழை. விதியை ஒரே ஒருவருக்காகத் தளர்த்தினார்கள். அந்த ஒருவருடைய கட்டுரை 1911-லேயே இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அச்சாகியிருந்தது.

சம்பளம் என்றேன் அல்லவா? சம்பளத்துக்குக் கணக்கும் கேட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ன செய்தேன் என்று அறிக்கை தரவேண்டும். 1913 ஆகஸ்டு 5, நவம்பர் 7, 1914 மார்ச் 9 ஆகிய தேதிகளில் ராமானுஜன் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். இன்று கணித உலகம் ராமானுஜனின் தலைமைத் தேற்றம் என்று வழங்குவது அந்த அறிக்கைகளில் இருக்கிறது. மூன்றாவது அறிக்கை கொடுத்த எட்டாம் நாள், மார்ச் 17-இல், அவர் நெவாசா என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அதற்கும் சென்னைப் பல்கலைக்கழகமே ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. அதில் 50 பவுன் ஊரிலிருந்த குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. வீட்டுக்கு ஒரு பங்கு போகாமல் எந்தப் பிள்ளையும் நிம்மதியாக ஆராய்ச்சி செய்ய முடியாது என்பதை அன்று யாரோ உணர்ந்திருக்கிறார்கள்.

1918-இல் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1920-இல் 32 வயதில் மறைந்தார். அந்தத் துயரக் கதையை வேறொரு நாள் பேசலாம்.

இப்படிச் சம்பளம் பெற்றுப் புறப்பட்டவர்களில் நியூசிலாந்தின் ரதர்போர்டும் ஒருவர். 1851-இல் லண்டனில் நடந்த பெரிய பொருட்காட்சியின் இலாபத்திலிருந்து, அறிவியல் ஆராய்ச்சிக்கென்று ஆண்டுக்கு 150 பவுன் கொடுத்து வந்தார்கள். 1895-இல் நியூசிலாந்துக்கான வாய்ப்பு முதலில் இன்னொருவருக்குப் போயிற்று. அவர் வேண்டாம் என்று விட்டதால் இரண்டாமவரான ரதர்போர்டுக்குக் கிடைத்தது. அணுவின் உட்கருவைக் கண்டவர் அவர்தான். இரண்டாவது இடம் கிடைத்தது என்று மனுவைக் கிழித்துப் போட்டிருந்தால்?

சரி, கணக்கும் அணுவும் நமக்கு எட்டாத தூரம் என்று சொல்பவர்கள் தம் கையைப் பார்த்துக்கொள்ளட்டும். பால்மரம் வெட்டிய கையென்றால் அது ஆராய்ச்சியைத் தொட்ட கை. கோலாலம்பூரில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் நிறுவப்பட்டது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் இருந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரத்தை நம்மில் எத்தனையோ பேர் வெட்டியிருக்கிறோம். ஜாவாவிலிருந்து வந்த ஓர் இனத்தையும் பிராங் பெசார் தோட்டத்து இனம் ஒன்றையும் சேர்த்து அந்தக் கழகம் உண்டாக்கிய மரம் அது. பிராங் பெசார் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. சுங்கை பூலோ சோதனைத் தோட்டத்து நிலத்திலும் புதுநகர் எழும்பிவிட்டது. கழகமும் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்துடன் இணைந்துவிட்டது. மரத்தின் பெயரில் மட்டும் அந்த நான்கு எழுத்தும் எண்ணும் நிலைத்திருக்கின்றன.

அந்தக் கழகத்தில் 1949-இல் வேலைக்குச் சேர்ந்தவர் பி.சி. சேகர். சிலாங்கூரில் உலு பூலோ தோட்டத்தில் 1929-இல் பிறந்தவர். டில்லியிலும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் படித்த வேதியியலாளர். 1966-இல் கழகத்தின் இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவர். அதுவரை ரப்பர் சீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்து, நிறத்தையும் அழுக்கையும் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்தார்கள். புகைவீட்டில் வேலை செய்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று சோதனைக் கூடத்தில் அளந்து தரம் சொல்லும் மலேசியத் தர ரப்பர் 1965-இல் வந்தது. அதற்கு உழைத்தவர்களில் முன் நின்றவர் சேகர். 1973-இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. தோட்டத்தில் பிறந்த பிள்ளை தோட்டத்துச் சரக்கையே ஆராய்ச்சி செய்து உலகச் சந்தையின் வழக்கத்தை மாற்றினார்.

திருமண வீட்டில் இத்தனையும் சொல்ல நேரம் ஏது? ராமானுஜன் கதையை மட்டும் சுருக்கமாகச் சொன்னேன். அந்தத் தாய் மற்றவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்குக் காட்டணுமா?"

"ஆமாம் அம்மா. இன்றும் ஆராய்ச்சி மாணவர்கள் அவ்வப்போது அறிக்கை கொடுத்துக்கொண்டேதான் இருக்கவேண்டும். சரியில்லை என்றால் பணம் நின்றாலும் நிற்கும்."

"அப்ப அது பிரட்டுக்குப் போற மாதிரிதானே? வேலை செஞ்சாத்தான் பேர் போடுவாங்க."

"அதேதான்."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணிடம் நான் இரண்டு கேள்விதான் கேட்டேன். எதை ஆராயப் போகிறாய், அதில் இதுவரை என்ன செய்திருக்கிறாய் என்பது முதல் கேள்வி. கழிவு நீரிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது பற்றி இறுதியாண்டில் செய்த சோதனையை, அம்மாவுக்கும் விளங்கும்படி ஐந்து நிமிடத்தில் சொன்னாள். உன் வேலையைக் கண்ணால் பார்த்தவர்களில் யார் உனக்காக எழுதுவார்கள் என்பது இரண்டாவது. பேராசிரியர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் வேண்டும், தங்கள் ஊர்ப் பிரமுகர் ஒருவரிடம் கேட்கலாமா என்றாள். அவர் உன் சோதனையைப் பார்த்தாரா என்றேன். இல்லை என்று தலையசைத்தாள். சோதனைக் கூடத்தில் கூடவே நின்று கருவிகளைக் கற்றுக்கொடுத்த இளம் விரிவுரையாளர் ஒருவரைப் பற்றி அவளே பிறகு சொன்னாள்.

"அவர் ரொம்பச் சின்னவரு சார். அவர் கையெழுத்துக்கு மதிப்பு இருக்குமா?"

துறைமுகத்துக் கணக்கர் நாராயண ஐயரைப் பற்றி அவளுக்கு இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் திங்கட்கிழமை. காலையில் முதல் வேலையாக அவரைப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.