எந்த அறைக்குள் பியர்? ஸ்மெத்விக் பப்களின் கதை

இங்கிலாந்தின் பழைய பப் ஒன்றில் மேசையில் போய் இருந்துகொண்டு, ஆராவது வந்து "என்ன வேணும்?" எண்டு கேட்பினம் எண்டு காத்திருந்தால் கடை பூட்டும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். எழும்பிப் போய் பாருக்கு முன்னால் நிற்கவேண்டும். கேட்கவேண்டும். அதே இடத்தில் காசைக் கொடுத்துவிட்டு கிளாஸை நாங்களே தூக்கிக்கொண்டு வரவேண்டும். வரிசை ஒன்றும் கிடையாது. ஆர் முதலில் வந்தது என்பதை ஊற்றிக் கொடுக்கிறவர் மனதில் வைத்திருப்பார். ஆகவே முதலில் அவருடைய கண்ணில் படவேண்டும். அவர் எங்களைப் பார்க்காத மாதிரியே நின்றால்? பப்பின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கியபோது எங்களைப் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான்.

பப் என்ற சொல்லே "பொது வீடு" என்று பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். பெயர்தான் பொது. விக்டோரியா மகாராணி காலத்துப் பப்களுக்குள்ளே மரத்தாலும் கண்ணாடியாலும் தடுப்புகள் எழுந்தன. ஒரு பக்கம் தொழிலாளர்களுக்கான பொது பார். வெறும் பலகைத் தரை. மற்றப் பக்கம் லவுஞ்ச், சலூன் என்றெல்லாம் அழைக்கப்பட்ட அறைகள். கம்பளம், மெத்தை இருக்கை, அதே பியருக்குக் கொஞ்சம் கூடின விலை. வர்க்கத்தைச் சுவராகவே கட்டி வைத்திருந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. பெண்கள் பாருக்கு முன்னால் நின்று குடிப்பதைப் பல இடங்களில் விரும்பவில்லை. லண்டன் ஃப்ளீட் வீதியில் பத்திரிகையாளர்கள் கூடுகிற எல் வீனோ என்ற வைன் பாரில், பெண்கள் பின்னறை மேசையில் இருந்தால் மட்டுமே பரிமாறுவார்கள். ஆனா கூட், டெஸ் கில் என்ற இரண்டு பெண்கள் வழக்குப் போட்டு, மேன்முறையீட்டில்தான் வென்றார்கள். அது 1982இல். பால் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 1975இலேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கோ.

கறுப்பு, மண்ணிறத் தோல்காரருக்கு நிலைமை இன்னும் மோசம். சட்டத்தில் ஒரு விசித்திரமான வேறுபாடு இருந்தது. பயணிகள் தங்கும் விடுதிக்காரர் நியாயமான காரணமில்லாமல் பயணியைத் திருப்பி அனுப்பக்கூடாது. இது பழைய பொதுச் சட்டம். 1943இல் மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கொன்ஸ்டன்டைனை லண்டன் இம்பீரியல் ஹோட்டல் தங்கவிட மறுத்தபோது, இந்த விதியை வைத்துத்தான் அவர் வழக்காடி 1944இல் வென்றார். கிடைத்த நட்டஈடு ஐந்து கினி. ஆனால் வெறுமனே குடிக்கக் கொடுக்கிற பப் விடுதிக் கணக்கில் வராது. பப் நடத்துகிறவர் தனக்குப் பிடிக்காத எவரையும் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம்.

இனி ஸ்மெத்விக்குக்கு வருவோம். பேர்மிங்காமுக்குப் பக்கத்தில் இருக்கிற, உலோக வார்ப்பாலைகள் நிறைந்த ஊர். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அந்த ஆலைகளில் பாரமான, சூடான வேலைகளுக்குப் பஞ்சாபிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். நாள் முழுக்க உருகின உலோகத்துக்கு முன்னால் நின்ற மனிசனுக்குப் பின்னேரம் ஒரு பியர் வேணும் என்பது விளங்கிக்கொள்ளக் கடினமான விஷயமில்லை. அங்கேயுள்ள பல பப்களில் அவர்களுக்குப் பொது பாரில் மட்டும்தான் ஊற்றிக் கொடுத்தார்கள். லவுஞ்சுக்கோ, புகையறை என்று அழைக்கப்பட்ட நல்ல அறைக்கோ போனால், "இஞ்சை உங்களுக்கு இல்லை, அங்காலை போங்கோ" என்ற பதில். 1964 பொதுத் தேர்தலில் இந்த ஊரில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பீற்றர் கிரிஃபித்ஸ், குடியேறிகளுக்கு எதிரான வெறுப்பின் மேல் ஏறி நின்று, தொழிற்கட்சியின் முக்கிய தலைவர் ஒருவரையே தோற்கடித்தார்.

1958இல் வந்து வார்ப்பாலையில் வேலை செய்த அவ்தார் சிங் ஜோல், இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் முன்னணி ஆள். அவரும் தோழர்களும் செய்த வேலை எளிமையானது, ஆனால் கெட்டித்தனமானது. பேர்மிங்காம் பல்கலைக்கழக வெள்ளை மாணவர்கள் சிலர் முதலில் உள்ளே போய்ப் பியர் வாங்குவார்கள். பிறகு இந்தியர்கள் அதே அறைக்குள் போய் அதையே கேட்பார்கள். மறுத்தால், மறுத்ததற்கு வெள்ளைச் சாட்சி அங்கேயே இருக்கு. அந்தச் சாட்சியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பப்பின் உரிமம் புதுப்பிக்கப்படும் நேரம் ஆட்சேபிக்கலாம். பப் நடத்த நீதவானின் உரிமம் வேண்டும் என்ற விதி 1552இலிருந்தே அப்போது இருந்துவந்தது. பிடிக்கவேண்டிய இடத்தைத்தான் பிடித்தார்கள்.

1965 பெப்ரவரி 12. ஜோலும் தோழர்களும் மல்கம் எக்ஸை ஸ்மெத்விக்குக்கு அழைத்து வந்தார்கள். மார்ஷல் வீதியைக் காட்டினார்கள். அங்கே விற்பனைக்கு வருகிற வீடுகளை நகரசபையே வாங்கி வெள்ளையருக்கு மட்டும் கொடுக்கவேண்டும் என்று அயலவர்கள் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிறகு புளூ கேட்ஸ் என்ற பப்புக்குப் போனார்கள். புகையறையில் பரிமாற மறுத்தார்கள்; பொது பாருக்குப் போகச் சொன்னார்கள். உலகமே அறிந்த அந்த மனிதருக்கும் அதே பதில்தான். அவர் மதுவைத் தொடாத முஸ்லிம் என்பது வேறு கதை. அவர் பியர் தேடி அங்கே போகவில்லை. ஒன்பது நாள் கழித்து நியூயோர்க்கில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த வருசம் முடிவதற்குள் பிரித்தானியாவின் முதலாவது இன உறவுச் சட்டம் வந்தது. ஹோட்டல், உணவகம், பப் போன்ற பொது இடங்களில் நிறத்தைக் காட்டி மறுப்பது தடைசெய்யப்பட்டது. வேலையும் வீடும் அதற்குள் அடங்கவில்லை; அவை 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறுப்பது குற்றவியல் குற்றமாகவும் ஆக்கப்படவில்லை. சமரசம் பேசுவதுதான் முதல் வழி.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இந்தக் காலக்கணக்கு கொஞ்சம் உறுத்தும். இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. பிரித்தானியச் சட்டத்துக்கு எட்டு வருசம் முந்தி! அப்படியிருந்தும் ஒடுக்கப்பட்ட சாதி ஆக்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேத்தண்ணி கொடுத்த கடைகள் அறுபதுகளின் கடைசி வரையும் எங்கட ஊர்களில் இருந்தன. 1966 ஒக்டோபர் 21 ஊர்வலத்துக்குப் பிறகு, தேநீர்க்கடைக்குள் போய் மற்றவர்களோடு சமமாய் இருந்து குடிக்கவேண்டும் என்ற போராட்டம் கிராமம் கிராமமாக நடந்தது. "எனக்குப் பிரச்சினை இல்லை, மற்ற ஆக்கள் வரமாட்டினம்" என்ற கதையை ஸ்மெத்விக் பப்காரரும் சொல்லலாம், எங்கட கடைக்காரரும் சொல்லலாம். சட்டப் புத்தகத்தில் இருந்த உரிமையைக் கிளாஸுக்குள் கொண்டுவந்தவர்கள், அடிவாங்கத் தயாராக உள்ளே போய்க் கேட்ட ஆக்கள்தான் என்பது எங்கள் எண்ணம்.

சாப்பாட்டையும் சொல்லவேண்டும். பப் சாப்பாடு என்றால் பாண், சீஸ், ஊறுகாய் வெங்காயம் வைத்த "உழவர் மதிய உணவு" ஆதிகாலத்து மரபு என்று நிறையப் பேர் நம்புகினம். பாணும் சீஸும் பழசுதான். ஆனால் அந்தப் பெயரோடு அதைப் பப்களில் பரப்பியது 1950களின் சீஸ் விளம்பரப் பிரசாரம். போர்க்காலப் பங்கீடு முடிந்த கையோடு சீஸ் விற்கவேண்டியிருந்தது. ஸ்மெத்விக் பக்கத்துப் பப்களில் இப்போது கிடைக்கிற சாப்பாட்டுக்கு அதைவிட நேர்மையான வரலாறு இருக்கிறது. ஆலைகள் மூடப்பட்டு, பழைய வாடிக்கையாளர் குறைந்து, நட்டத்தில் போன பப்களைப் பஞ்சாபியர் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். சீறிக்கொண்டு வருகிற இரும்புத் தட்டில் தந்தூரிக் கோழி, ஆட்டிறைச்சி, கபாப், அடியில் வதங்கின வெங்காயம், பக்கத்தில் நான். கையில் பியர். இவற்றை "தேசி பப்" என்கிறார்கள். ஸ்மெத்விக்கின் ரெட் கவ், வெஸ்ட் ப்ரொம்விச்சின் ரெட் லயன் எல்லாம் பேர் போனவை. டேவிட் ஜேசுதாசன் 2023இல் இந்தப் பப்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அங்கே இப்போது வெள்ளைக் குடும்பங்களும் வந்து அதே தட்டில் பிய்த்துச் சாப்பிடுகினம்.

பிற்காலத்தில் அறைகளைப் பிரித்த தடுப்புகளைப் பல பப்களில் இடித்து ஒரே மண்டபமாக்கிவிட்டார்கள். தப்பி நிற்கிறவற்றைப் பாதுகாக்க வேண்டிய மரபுச் சொத்தென்று ஆர்வலர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கினம். செதுக்கின கண்ணாடி, மெருகேற்றின மரம் – பார்க்க உண்மையிலேயே வடிவுதான். ஜோல் 2022இல் காலமானார். அந்தக் கண்ணாடியின் மற்றப் பக்கத்தில் நிற்கச் சொல்லப்பட்டவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கினம்.