சரக்கு எனப்படுவது யாது?

வடபுல நகரங்களில் வாழும் நாம், அண்டை வீட்டார் ‘மசாலா’ எனும்போதெல்லாம் சற்றே தடுமாறுகிறோம். அவர்களுக்கு மஞ்சளும் சீரகமும் மசாலாவே. நமக்கோ அவை அஞ்சறைப்பெட்டிச் சாமான்கள். பட்டையும் கிராம்பும் சோம்பும் கூடினாலன்றி அப்பெயரை நாம் வழங்குவதில்லை. உப்பும் புளியும் இரண்டிலும் சேரா. இவ்வெல்லையை வகுத்தவர் யார்?

பயிரியலே வகுத்தது என்பார் உளர். உலர்ந்த விதை, பட்டை, மொட்டு, கிழங்கு ஆகியவற்றில் உறையும், எளிதில் ஆவியாகும் எண்ணெயே மணம் தருவது. உப்போ கனிமம், மணமற்றது. இவ்விளக்கம் தவறன்று. எனினும் சொல்லின் வரலாறு தோட்டத்தில் அன்று, துறைமுகத்தில் தொடங்குகிறது.

ஆங்கிலத்து ‘ஸ்பைஸ்’ என்பது ‘ஸ்பீசீஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ‘வகை’ எனப் பொருள்பட்ட அச்சொல், பின்னர் வணிகப் பண்டத்தைக் குறித்தது. உரோமானியச் சட்டத் தொகுப்பில், சுங்கத்துக்குரிய பண்டங்களின் பட்டியல் ஒன்று உண்டு. இஞ்சி, ஏலம், திப்பிலி, வெண்மிளகு ஆகியவற்றோடு தந்தமும் முத்தும், ஏன், இந்தியச் சிங்கமுங்கூட அதில் இடம்பெற்றுள்ளன! கருமிளகு மட்டும் அதில் இல்லை. நம் ‘சரக்கு’ என்னும் சொல்லும் இத்தகையதே. கப்பலில் ஏற்றுவனவெல்லாம் சரக்கு. நாட்டு மருந்துக் கடையிலோ சுக்கும் திப்பிலியுமே சரக்கு.

அக்கருமிளகுக்குச் சங்க நூல்கள் தரும் பெயர் கறி. யவனர் கப்பல்கள் முசிறியில் பொன்னை இறக்கி மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூறு காட்டுகிறது. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்துக் கோயில் ஒன்றில், இந்தியத் தாழியில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு அகழ்ந்தெடுக்கப்பட்டது. கி.பி. 408இல் உரோமை முற்றுகையிட்ட அலாரிக், பொன்னோடு 3,000 பவுண்டு மிளகையும் திறையாகக் கேட்டான். காலப்போக்கில் கறி என்னும் பெயர் சமைத்த உணவுக்காயிற்று. போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய், மிளகின் காரத்தோடு அதன் பெயரையும் பற்றிக்கொண்டு மிளகாய் ஆயிற்று.

இன்று எல்லை வகுப்பது சட்டம். 1986ஆம் ஆண்டின் நறுமணப் பொருள் வாரியச் சட்டம் 52 பொருள்களை அட்டவணைப்படுத்துகிறது. பூண்டு, கறிவேப்பிலை, புதினா மட்டுமன்றிப் புளியும் அவற்றுள் அடக்கம்! ஏற்றுமதிக்கு அது பொருந்தலாம். சாம்பார் வைப்போர் எவரும் புளியை நறுமணப் பொருள் என்று ஒப்பார். கடுகோடு தாளிப்பில் சிவக்கும் உளுத்தம்பருப்போ அவ்வட்டவணையில் இல்லை. அஞ்சறைப்பெட்டியில் மட்டும் அதற்கு ஓர் அறை உண்டு.